கைக்குழந்தையோடு ஒரு லீவு நாள்: பூங்காவா, மியூசியமா, மாலா?

என் மகளுக்கு இப்போது 11 மாதம். வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற லீவில் நானும் மனைவியும் அவளைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் கிளம்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. நாலு சுவருக்குள்ளேயே நாள் முழுக்க இருந்தால் குழந்தையைவிட எங்களுக்குத்தான் முதலில் புழுங்கிப்போகிறது. அப்படிக் கிளம்பிய நாட்களில் சில, இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிற நாட்கள். வேறு சில நாட்களில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சே வந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து யோசித்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான்: பாதியில் கிளம்ப மனசு வந்த இடங்களில் எல்லாம் நாள் நன்றாகப் போனது. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்று இழுத்துப் பிடித்த இடங்களில் மூன்று பேரும் வாடிப்போனோம். அதனால் இப்போதெல்லாம் ஓர் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கிருந்து எப்படிக் கிளம்புவது என்று பார்க்கிறேன். இந்த ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் குழந்தையின் கடிகாரம்

நாள் முழுக்க வெளியே இருக்கப்போகிறோம் என்று சொல்கிறோமே தவிர, கையில் இருப்பது இரண்டு தூக்கத்துக்கு நடுவிலுள்ள நேரம் மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி முதல் 3 மாதங்களில் குழந்தைக்கு ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும். 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை ஒரு மணி நேரம் விழித்திருந்தாலே பெரிய விஷயம். ஐந்தாறு மாதத்தில் அது இரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும், பத்து மாதத்துக்கு மேல் மூன்று, மூன்றரை. குழந்தைக்குக் குழந்தை மாறும் என்றாலும், இந்த அளவை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐந்து மாதக் குழந்தையை ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். வழியில் அது தூங்கிவிட்டால் நல்லது, போய்ச் சேரும்போது புத்துணர்ச்சியோடு கண் விழிக்கும். வழி முழுக்க விழித்தே இருந்தால், வாசலில் இறங்கும்போது அதன் நேரம் பாதி தீர்ந்திருக்கும். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காலையில் எழுந்து, பால் குடித்து, கொஞ்சம் விளையாடி, முதல் தூக்கம் வருகிற நேரத்துக்கு வாசலைத் தாண்டிவிட வேண்டும். அந்தத் தூக்கம் பயணத்துக்குச் சேர்ந்தது. 

தூக்கம் வருவதற்கு என் மகளிடம் ஓர் அடையாளம் உண்டு. கொட்டாவிக்கு முன்னாலேயே புருவத்துக்கு மேலே லேசாகச் சிவந்துவிடும். அப்புறம் வலது கையால் காதைப் பிடித்து இழுப்பாள். சிவப்பைப் பார்த்தவுடன் கிளம்பினால் சிணுங்கலோடு முடியும். காதைப் பிடிக்கிற வரை காத்திருந்தால் அழுகைதான். உங்கள் குழந்தைக்கும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். வெளியே போகத் தொடங்கும் முன் ஒரு வாரம் வீட்டிலேயே கவனித்து வையுங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் உதவுகிற ஒரே அறிவு அதுதான்.

காலையா, மாலையா என்றால் தயங்காமல் காலை என்பேன். பல குழந்தைகளுக்கு மாலை நேரம் இயல்பாகவே சிணுங்கல் நேரம். முதல் மூன்று மாதங்களில் அது இன்னும் கூடுதல். நகரத்தின் கூட்டமும் இரைச்சலும் கூடுகிற நேரமும் அதுவேதான்.

தள்ளுவண்டியா, நெஞ்சோடு கட்டிக்கொள்வதா?

இடத்தைத் தீர்மானிக்கும் முன் இதைத் தீர்மானித்தாக வேண்டும், ஏனென்றால் பல இடங்கள் இதை வைத்தே தானாகக் கழிந்துபோகும்.

மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போகிற லேசான தள்ளுவண்டியை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். மகள் பேரக்குழந்தையை ஒரு கனமான வண்டியில் வைத்துப் படாதபாடு படுவதைப் பார்த்துத்தான், விமானத்தில் பழகிய அலுமினியக் குழாய்களை வைத்துக் குடை போல மடங்குகிற ஒன்றை உண்டாக்கினார். நெஞ்சில் கட்டிக்கொள்கிற கேரியருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1960களில் மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் செவிலியராக வேலை பார்த்த ஆன் மூர், அங்குள்ள தாய்மார்கள் குழந்தையைத் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வதையும், அந்தக் குழந்தைகள் அமைதியாக இருப்பதையும் பார்த்தார். ஊர் திரும்பியதும் தன் குழந்தைக்காக அதே மாதிரி ஒன்றைச் செய்துகொண்டார். 1969-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டுமே குழந்தையோடு வெளியே போகத் தவித்தவர்கள் கண்டுபிடித்தவை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

வண்டியின் பலம், சுமை. பை, தண்ணீர், மாற்றுத் துணி எல்லாம் கீழே போய்விடும். குழந்தை கால் நீட்டித் தூங்கும். அதன் பலவீனம், படிக்கட்டு. நகரத்தில் ஒரு லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் அன்றைய திட்டமே மாறிப்போகும். நகரும் படிக்கட்டில் வண்டியை ஏற்றவே கூடாது, அவசரத்துக்குக்கூட. 

கேரியரின் பலம், எங்கேயும் நுழையலாம், கை இரண்டும் சும்மா இருக்கும். ஒரே ஆளாகக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் வண்டியோடு என்ன செய்வது என்று தனியாகப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வெயில் காலத்தில் இரண்டு உடம்புச் சூடும் சேர்ந்துகொள்ளும். கட்டும்போது சில விஷயங்கள் முக்கியம்: குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தலையைக் குனிந்தால் நெற்றியில் முத்தமிடுகிற உயரத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் போய் அமுங்காமல், இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குச் சிரமம். கால்கள் தொங்கக் கூடாது, முழங்கால் இடுப்பைவிட உயரமாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்து வைப்பதெல்லாம் கழுத்து நன்றாக நின்ற பிறகுதான்.

எது எடுத்தாலும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கட்டி வைக்க வேண்டாம் என்று நான் மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வண்டி, உயர நாற்காலி, முதுகில் கட்டுவது, மூன்றுக்கும் இது பொருந்தும். நாள் முழுக்க வெளியே என்றால் நடுவில் எங்காவது குழந்தையைக் கீழே விட்டு, கையைக் காலை ஆட்ட இடம் வேண்டும். பல இடங்கள் தோற்றுப்போவது இந்த ஒரு கேள்வியில்தான்.

பூங்கா

எங்களுடைய மிக நல்ல நாள் ஒரு பூங்காவில் கழிந்தது. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். ஒரு பெரிய மரத்தடியில் விரிப்பைப் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தோம். மேலே இலைகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் கண் அகல விரிந்தது. கால் இரண்டும் உதைப்பதை நிறுத்தின. கை விரல்கள் மட்டும் விரிந்து மூடி, விரிந்து மூடி. ஏறக்குறைய இருபது நிமிடம் ஒரு சத்தம் இல்லை. வீட்டில் வாங்கி வைத்த எந்தப் பொம்மையையும் அவள் அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது.

இதற்குக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர், குழந்தைகள் எதை அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று அளந்தார். வெறும் ஒரே நிறப் பரப்பைவிடக் கோடும் கட்டமும் உள்ள வடிவங்களில்தான் அவர்கள் கண் நின்றது. வெளிச்சமான வானத்தின் மேல் கருத்த இலை என்பது அப்படிப்பட்ட வடிவம்தானே, அதுவும் அசைகிறது.

கிளம்புகிற கணக்கில் பூங்காவுக்கு ஈடே இல்லை. பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, இருந்தாலும் பெரிய தொகையாக இருக்காது. வந்து பத்து நிமிடத்தில் திரும்பினாலும் நஷ்டம் என்று தோன்றாது. குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்கிறவர்கள் இல்லை. குப்புறப் போடலாம், தவழ விடலாம், டயப்பரை விரிப்பிலேயே மாற்றலாம்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வானம் மாறினால் ஓட வேண்டும். கழிப்பறை தூரமாக இருக்கும், சுத்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது. வெளியில் எல்லார் முன்னாலும் பால் கொடுக்கக் கூச்சப்படுகிற தாய்மாருக்கு மறைவான இடம் கிடைக்காது. எல்லாவற்றையும்விட வெயில். 6 மாதத்துக்குள் உள்ள குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. அந்த வயதில் வெயில் தடுப்புக் கிரீமையும் நம்பி இருக்கக் கூடாது, நிழலும் தொப்பியும் முழுக்கை மெல்லிய துணியும்தான் பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பலர் நல்ல எண்ணத்தில் செய்கிற ஒரு தவறு, வெயில் படாமல் இருக்கட்டும் என்று வண்டியின் மேல் துணியைப் போர்த்துவது. மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்று நின்று, சூடு ஏறிக்கொண்டே போகும். நமக்கு வெளியிலிருந்து தெரியாது. பிடரியில் கை வைத்துப் பாருங்கள், ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் உடனே துணியை எடுத்துவிட்டு நிழலுக்குப் போங்கள்.

மியூசியம்

இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. கைக்குழந்தைக்கு ஓவியமும் சிலையும் என்ன புரியும் என்று கேட்பார்கள். எங்கள் அனுபவத்தில் பூங்காவுக்கு அடுத்த இடம் மியூசியத்துக்குத்தான். மழை நாள் என்றால் முதல் இடமே இதற்குத்தான்.

காகிதத்தில் வரைந்த ஓவியங்களும் பழைய துணிகளும் வெளிச்சத்தில் மங்கிப்போகும் என்பதால், அவை வைத்திருக்கிற அறைகளில் விளக்கொளியை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்து வைப்பது மியூசியங்களில் வழக்கம். வெப்பமும் ஈரப்பதமும் அதிகம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஓவியத்துக்காகச் செய்தது, தூங்குகிற குழந்தைக்கு அப்படியே பொருந்திப்போகிறது. மங்கலான வெளிச்சம், சீரான குளிர்ச்சி, வழுவழுப்பான தரை, வண்டி அலுங்காமல் போகும். என் மகள் ஒரு மியூசியத்தில் தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் தூங்கினாள், நாங்கள் இருவரும் கல்யாணம் ஆன புதிதில் நடந்த மாதிரி மெதுவாக ஒவ்வோர் அறையாக நடந்தோம். லீவு நாள் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். அந்த ஒன்றரை மணி நேரம் அதற்குப் பின் வந்த வாரம் முழுக்க எங்களைத் தாங்கியது.

விழித்திருக்கும்போதும் மோசமில்லை. பெரிய கறுப்பு வெள்ளைப் படம், பளிச்சென்ற நிறத் திட்டு, மனித முகம் செதுக்கிய சிலை, இவற்றின் முன்னால் தூக்கிப் பிடித்தால் பார்ப்பார்கள். முகம் என்றால் குழந்தைக்கு எப்போதும் ஆசைதான்.

கவனிக்க வேண்டியவை: முதுகில் மாட்டுகிற கேரியரைப் பல மியூசியங்கள் அனுமதிப்பதில்லை, திரும்பும்போது எதையாவது இடித்துவிடுமோ என்ற பயம். நெஞ்சுப் பக்கம் மாட்டுவதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. சில இடங்களில் வண்டியை வாசலில் வைக்கச் சொல்லி அவர்களே வேறு வண்டி தருவார்கள். போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. அதே போனில், டிக்கெட் வாங்கியபின் வெளியே போய் அன்றே திரும்ப உள்ளே வரலாமா என்றும் கேளுங்கள். வரலாம் என்றால் கிளம்புகிற கவலை பாதி குறைந்தது. உயரமான கூரை எதிரொலிக்கும், குழந்தை குஷியில் கத்தினால் நாலு அறைக்குக் கேட்கும். நாங்கள் முறை போட்டுக்கொள்வோம். ஒருவர் உள்ளே பார்க்க, மற்றவர் குழந்தையோடு முன்கூடத்தில். டிக்கெட் விலை அதிகமான சிறப்புக் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். விலை ஏற ஏறக் கிளம்ப மனசு வராது.

மீன் காட்சியகமும் உயிரியல் பூங்காவும்

குழந்தை என்றவுடன் உறவினர் எல்லாரும் சொல்வது உயிரியல் பூங்காவை. ஒரு வயதுக்குள் இதை நான் கடைசிக்குத் தள்ளுவேன். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவு. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. பார்வை வேகமாக வளர்கிறது என்றாலும், அகழிக்கு அப்பால், புதருக்குப் பின்னால் தூங்குகிற புலியை ஏழு மாதக் குழந்தை கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாங்கள் போனபோது அவள் ரசித்தது பெஞ்சுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு புறாவைத்தான். புறாவைப் பார்க்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. பரப்பளவு பெரிது, நிழல் தொடர்ச்சியாக இருக்காது, வாசலுக்குத் திரும்பவே அரை மணி நேரம் ஆகும். அதாவது கிளம்பலாம் என்று முடிவெடுத்த பிறகும் கிளம்ப முடியாத இடம்.

மீன் காட்சியகம் வேறு ரகம். ஏழெட்டு மாதத்துக்கு மேல் என்றால் இதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். கண்ணாடிக்கு மிக அருகில் போகலாம், உருவங்கள் பெரிதாகவும் மெதுவாகவும் நகரும், சுற்றிலும் இருட்டு என்பதால் கண் வேறெங்கும் அலையாது. ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் உட்கார்ந்த உயரத்தில் அதற்குத் தெரிவது மற்றவர்களின் முழங்கால் மட்டும்தான். கூட்டம் இல்லாத வேலை நாளில் உங்களுக்கு லீவு வாய்த்தால் இதற்கு ஒதுக்கி வையுங்கள்.

மால்

மாலைக் குறை சொல்வது எளிது, ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் அங்கே போவதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. குளிர்சாதனம், லிஃப்ட், பால் கொடுக்கும் அறை, டயப்பர் மாற்றும் மேசை, மறந்துபோன எதையும் வாங்கிக்கொள்ள ஒரு கடை. முதல் தடவை வெளியே போகிறவர்களுக்கு இந்தத் தைரியம் தேவைப்படும். டிக்கெட்டும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.

பிரச்சினை, குழந்தைக்கு அங்கே ஒதுங்க இடமில்லாததுதான். பளபளப்பான விளக்கு, ஒவ்வொரு கடையிலிருந்தும் வேறு வேறு பாட்டு, வாசனைத் திரவியம். பெரியவர்களின் மூளை இதையெல்லாம் வடிகட்டிவிடும். குழந்தைக்கு அந்த வடிகட்டி இன்னும் வரவில்லை. முதல் அரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்க்கும், நமக்கும் பெருமையாக இருக்கும். அப்புறம் முகத்தைத் திருப்பும், கை முஷ்டி இறுகும், சாயங்காலம் வீட்டில் காரணம் தெரியாத அழுகையாக அது வெளியே வரும். 

இன்னொன்று, நான் ஒரு தகப்பனாகச் சொல்ல வேண்டியது. ஒரு மாலில் டயப்பர் மாற்றும் மேசை பெண்கள் கழிப்பறைக்குள் மட்டும்தான் இருந்தது. அன்று மனைவி உடன் வரவில்லை. இரண்டு தளம் ஏறி இறங்கித் தேடிவிட்டு, கடைசியில் அவசர வழிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் விரிப்பைப் போட்டு மாற்றினேன். ஒரு கையால் அவள் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்து, மறு கையால் துடைத்து, கழட்டிய டயப்பரைப் பல்லில் கவ்விய பைக்குள் போட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபமும் வருத்தமும் தொண்டை வரை வந்தது. குழந்தையின் டயப்பரைத் தகப்பனும் மாற்றுவான் என்று கட்டடம் கட்டுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தனியாகக் குழந்தையோடு போகும் தகப்பன்கள், பெற்றோர் இருவருக்கும் பொதுவான அறை இருக்கிற இடமாகக் கேட்டுப் போங்கள்.

சாப்பிட வெளியே போவது, நண்பர் வீடு, சினிமா

உணவகம் என்றால் கூட்டம் வருவதற்கு முன்னால், திறந்த கையோடு போய்விடுவது ஒன்றே வழி. சுவரோரம், பரிமாறுபவர்கள் நடக்காத மூலை. உயர நாற்காலி, குழந்தை தானாக நிமிர்ந்து உட்காரப் பழகிய பிறகுதான். சூடான பாத்திரம், கோப்பை எல்லாம் அதன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு வினாடியில் மேசை விரிப்பை இழுத்துவிடும். அன்பு மிகுதியில் யாராவது எதையாவது விரலில் தொட்டு வாயில் வைக்க வந்தால் கூச்சப்படாமல் தடுத்துவிடுங்கள். 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கிவிடும்.

உணவகத்தில் சந்திக்கலாம் என்று நண்பர்கள் கூப்பிட்டால், உங்கள் வீட்டுக்கே வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நகரத்துக்குள் ஒரு வீடு, அதில் ஒரு கட்டில், ஒரு தரை, ஒரு கதவு. இதைவிட வசதியான இடம் கிடையாது. குழந்தையை மாற்றி மாற்றித் தூக்க ஆள் இருக்கும், சாப்பாடு சூடாக வயிற்றுக்குள் போகும். வெளியே போன மாதிரியும் ஆச்சு.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் குழந்தையின் காதுக்கு அதிகம், நடுவில் எழுந்து வர மனசும் வராது, வழியும் இருக்காது. ஒரு வயதுக்குள் திரை பார்க்கவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சில தியேட்டர்களில் சத்தத்தைக் குறைத்து, விளக்கைப் பாதி எரியவிட்டு, குழந்தையோடு வருகிறவர்களுக்கென்றே காட்சி போடுகிறார்கள். அப்படி ஒன்று பக்கத்தில் இருந்து, குழந்தை பால் குடித்துத் தூங்குகிற சின்ன வயதாக இருந்தால் போகலாம். மற்றபடி தள்ளிப்போடுங்கள்.

சும்மா ஒரு ரயில் பயணம்

எதிர்பாராமல் எங்களுக்குக் கிடைத்த நல்ல வழி இது. ஒரு நாள் மியூசியத்துக்குக் கிளம்பினோம், அன்று அது மூடியிருந்தது. சரி என்று வந்த மெட்ரோவிலேயே ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்கி, ஒரு தெருவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, திரும்பி வந்தோம். மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி மூடித் திறந்தார். நாலு நிறுத்தம் வரை இருவரும் விடவில்லை. பாட்டி இறங்கிப் போன பிறகு அவள் தன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எங்களிடம் காட்டினாள். அன்றைக்குத்தான் முதல் தடவை.

நெரிசல் இல்லாத நேரமாக இருக்க வேண்டும், இறங்குகிற நிலையத்தில் லிஃப்ட் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால், எந்த நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பலாம் என்பதால் என் கணக்கில் இது பூங்காவுக்குச் சமம். காரில் சுற்றுவது இதற்கு ஈடாகாது. குழந்தை பின்பக்கம் பார்த்த இருக்கையில் கட்டுண்டு, எங்களில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி வெளியே எடுக்கவும் வேண்டும். தூங்குகிறதே என்று, வந்து சேர்ந்த பிறகும் அந்த இருக்கையிலேயே விட்டுவைக்கக் கூடாது. தலை முன்னால் சாய்ந்து மூச்சுப்பாதை மடங்கிவிடும்.

பால் கணக்கு

எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்பதைத் தூக்கத்துக்கு அடுத்தபடி முடிவு செய்வது பால். நேராகத் தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் கையில் எதுவும் வேண்டாம், உட்கார ஓர் இடம் போதும். பிழிந்து எடுத்த தாய்ப்பால், 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம். வெயில் நாளில் அறை வெப்பக் கணக்கை நம்பாமல் ஐஸ் பேக் வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் பால் என்றால், கலந்து 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை வாய் வைத்தபின் 1 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஆகவே முன்னாலேயே கலந்து எடுத்துப் போகாமல், கொதித்த நீரைச் சூடு காக்கும் குடுவையிலும் அளந்த பவுடரைத் தனி டப்பாவிலும் எடுத்துப் போய், கொடுக்கும்போது கலந்து, ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

வயதை வைத்து முடிவு செய்தால்

மூன்று மாதத்துக்குள் என்றால் கூட்டமுள்ள மூடிய இடம் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டேன். தடுப்பூசிகள் இன்னும் முழுமையாகாத வயது. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய வயதும்கூட. பக்கத்துப் பூங்கா, இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதுவே தாய்க்குப் பெரிய விடுதலையாக இருக்கும்.

மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை மியூசியம். குழந்தை இன்னும் நகரத் தொடங்கவில்லை, தூக்கமும் நிறைய. இந்தக் காலம் சட்டென்று போய்விடும், பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்த இடங்களை இதற்குள் பார்த்துவிட வேண்டும். ஆறிலிருந்து ஒன்பதுக்குள் மீன் காட்சியகமும் ரயிலும் நண்பர் வீடும். அறிமுகம் இல்லாதவர்களைப் பார்த்து மிரளத் தொடங்குகிற பருவம் இது, அதனால் சுற்றி நின்று ஆளாளுக்குத் தூக்குகிற கூட்டங்களை அளவோடு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பது மாதத்துக்கு மேல் தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியவுடன் மியூசியம் முடிந்தது. அங்கே தொடக்கூடாததுதான் எல்லாம், இதற்குத் தொட்டால்தான் புரியும். மறுபடி பூங்காவுக்குத் திரும்ப வேண்டும். இந்த வாரம் நாங்கள் அதே மரத்தடிக்குத்தான் போகிறோம். போன தடவை மல்லாந்து படுத்து இலையைப் பார்த்தவள், இந்தத் தடவை வேரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள் என்று மனைவி சொல்கிறாள். மாற்றுத் துணி இரண்டு கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறோம், மண்ணில் புரளட்டும்.